சாயத்தண்ணியும் ரொட்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போதுமா?



காலை ஆறு மணி. லயத்துக் காம்பராவில் அடுப்பு எரிகிறது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா அவசரப்படுகிறார். ரொட்டி சுட்டாயிற்று, சம்பல் இடித்தாயிற்று. "சட்டுனு தின்னுட்டு ஓடு" என்று ஒரு கோப்பை சாயத்தண்ணியையும் ஊற்றிக் கொடுக்கிறார். பிள்ளை மலைப்பாதையில் நடந்து பள்ளிக்கூடம் போகிறது. பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலை சாய்கிறது. "உங்க பிள்ளைக்குப் பாடத்துல கவனமே இல்லை, தூங்கி விழுது" என்று ஆசிரியர் சொல்லி அனுப்புகிறார். அன்று சாயந்தரம் வீட்டில் அடி விழுகிறது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல, நம்மில் பலர் வீட்டுக் கதை. அந்தப் பிள்ளை சோம்பேறி என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். அதற்கு இரத்தக் குறைவு இருக்கலாம்.

இரத்தக் குறைவு என்றால் என்ன?

நாம் இழுக்கும் மூச்சில் உள்ள பிராணவாயுவை மூளைக்கும் தசைக்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள சிவப்பு அணு. அந்த அணு உண்டாக இரும்புச்சத்து வேண்டும். சாப்பாட்டில் இரும்புச்சத்து குறைந்தால் பிள்ளை சீக்கிரம் களைத்துப் போகும். ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். படித்தது மனதில் நிற்காது. சில பிள்ளைகள் மண், பச்சரிசி, சோக்கட்டி தின்னும். கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

2016ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நடந்த குடிசன, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த 100 பிள்ளைகளில் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டப்புறத்தில் மட்டும் அது 100க்கு சுமார் 32. அன்றைய சின்னப் பிள்ளைகள்தான் இன்று பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு தாயும் குடும்ப நல உத்தியோகத்தரும்

தாய்: வயிறு நெறைய ரெண்டு ரொட்டி குடுக்கிறேன் மிஸ். வேற என்னத்தக் குடுக்கச் சொல்றீங்க? சம்பளம் பத்தவே மாட்டேங்குது.

மிஸ்: அது உண்மைதாங்க அம்மா. நான் செலவக் கூட்டச் சொல்லல. ரொட்டியால வயிறு நெறையும். ஆனா கோதுமை மாவுல பிள்ளைக்கு வேண்டிய இரும்புச்சத்து போதாது. இருக்கிற கொஞ்சத்தையும் சாயத்தண்ணி தடுத்துருது.

தாய்: என்ன மிஸ், நம்ம பறிக்கிற கொழுந்தையே குத்தம் சொல்றீங்க?

மிஸ்: கொழுந்துல குத்தமில்லைங்க. குடிக்கிற நேரத்துலதான் குத்தம்.

அந்த மிஸ் சொன்னதன் விளக்கம் இது. தேயிலையின் சாயத்தில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் அது கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர வேண்டியதில் பாதிக்கு மேல் வீணாகிவிடலாம். பால் ஊற்றிய தேத்தண்ணியும் அப்படித்தான். ஆகவே சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். பெரியவர்கள் எழும்பியதும் குடித்துக்கொள்ளலாம். பிள்ளை சாப்பிடும்போது ஆறிய சுடுதண்ணி கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சாயத்தண்ணி தேவையே இல்லை.

கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம்?

1. இரவே ஒரு கைப்பிடி கடலை, கௌபி அல்லது பயறு ஊறப்போடுங்கள். காலையில் அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு வேக வைத்துக் கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டால் பள்ளிக்கூடச் சாப்பாடு தயார். விறகு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் இரவுச் சமையல் முடிந்த அடுப்பில் காலைக்கு வேண்டியதை வேக வைக்கலாம்.

2. ரொட்டியை விட வேண்டாம். மாவு பிசையும்போது பொடியாக அரிந்த கீரையும், துருவிய கரட்டும் சேருங்கள். பக்கத்தில் சம்பல் மட்டும் வைக்காமல் பருப்பும் வையுங்கள்.

3. வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரைகளை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாத்தியில் வளர்க்கலாம். சமைத்து இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். புளியில் உள்ள விற்றமின் சி இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும். அடுப்பில் கொதிக்கும்போது விட்டால் அந்தச் சத்து கெட்டுப்போகும். கொய்யாப்பழமும் இதே வேலையைச் செய்யும்.

4. நெத்தலிக் கருவாடு கொஞ்சம் சேர்த்தாலும் கீரையின் இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும். முடிந்த வாரத்தில் கோழி ஈரல் கொஞ்சம் வாங்குங்கள்.

5. கோழி வளர்க்கிறோம், முட்டையை விற்கிறோம். மாடு வளர்க்கிறோம், பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருகிறோம். வந்த காசில் பிள்ளைக்கு பிஸ்கட்டும் மிக்சரும் வாங்கிக் கொடுக்கிறோம். இந்தக் கணக்கு சரியா? பிள்ளைக்கு ஒரு முட்டையும் ஒரு கோப்பை பாலும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்றால் என்ன?

பூச்சியையும் மறக்க வேண்டாம்

கொக்கிப் புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். வெறுங்காலில் அசுத்த மண்ணில் நடக்கும்போது அது கால் வழியாக உடம்புக்குள் போகிறது. எவ்வளவு நல்ல சாப்பாடு கொடுத்தாலும் ஒரு பங்கு அதற்குப் போய்விடும். செருப்பு, மலசலகூடம், சோப்புப் போட்டுக் கை கழுவுதல் ஆகிய மூன்றும் இதற்குக் காவல். பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ கொடுத்தால் பிள்ளை அதை வீசிவிடாமல் விழுங்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுத்துப் போகலாம். பயப்பட வேண்டாம்.

வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு மாதாமாதம் இரத்தம் போவதால் இரும்புச்சத்து இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் நம் வீடுகளில் மீனும் முட்டையும் முதலில் ஆண்களுக்குப் போய், மீதிதான் பெண் பிள்ளைக்கு வருகிறது. நாளைக்குத் தாயாகப் போகிறவள் அவள். அவளுக்கும் சமமாகப் பரிமாறுங்கள்.

யோசிப்போம், பேசுவோம்

1. நேற்று உங்கள் பிள்ளை என்னென்ன சாப்பிட்டது? அதில் கீரை, பருப்பு, கடலை, மீன், முட்டை எத்தனை முறை இருந்தது?

2. உங்கள் வீட்டில் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் உண்டா? அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம்?

3. உங்கள் லயத்தில் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு கீரைப் பாத்தி போட இடம் எங்கே இருக்கிறது?

பெற்றோர்களே, அடுத்த முறை "பிள்ளை தூங்கி விழுது" என்று சொல்லி அனுப்பினால் கையை ஓங்காதீர்கள். முதலில் அதன் கண்ணிமையைப் பாருங்கள். பிறகு அதன் சாப்பாட்டுத் தட்டைப் பாருங்கள்.