புதையலுக்கு ஓர் ஆற்றுப்படை

புதையல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன பொற்காசு நிறைந்த செப்புக் குடமும், அதனைக் காத்து நிற்கும் பூதமுமே ஆகும். பாட்டிமார் கூறும் கதைகளில் புதையலைக் கண்டெடுத்தவன் உண்டு. எடுக்கப் போய் மாண்டவனும் உண்டு. எடுத்ததை இருந்த இடத்திலேயே மீண்டும் வைத்து வந்தவன் எக்கதையிலும் இல்லை. ஆயின், எடுத்ததைத் திரும்ப வைத்தல் வேண்டும் என்பதையே தலையாய விதியாகக் கொண்ட புதையல் வேட்டை ஒன்று இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. அதனை யான் என் பேரனிடம் கற்றேன். அறுபது வயது கடந்த பின்னர்க் கற்றேன்.

மாணவர்களே! ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நின்று உலகை வலம் வரும் செயற்கைக்கோள்கள் சில உள்ளன. அவை அனுப்பும் குறிகளைக் கொண்டு, நாம் நிற்கும் இடம் எந்த அட்சரேகையில், எந்தத் தீர்க்கரேகையில் உள்ளது என்பதைக் கணித்துரைக்கும் கருவி இன்று கைப்பேசிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. இவ்வேற்பாடு முதன்முதல் அமெரிக்கப் படைத்துறையின் பொருட்டு அமைந்ததாகும். ஆதலின், பொதுமக்கள் பெறும் குறிகளில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தனர். கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே திங்களின் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. அதே திங்கள் 3-ஆம் நாள், ஆரிகன் மாநிலத்தில் வாழ்ந்த டேவ் உல்மர் என்பவர், கருவியின் திருத்தத்தைச் சோதிக்க விரும்பி, வாளி ஒன்றில் நூல் முதலிய சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் இட்டுக் காட்டில் மறைத்து வைத்தார்; அவ்விடத்தின் எண்களை மட்டும் பலர்க்கும் அறிவித்தார். சில நாள்களுக்குள் தேடிச் சென்றவர் கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் தம் பெயரை எழுதினார். ஜியோகேச்சிங் என மேலைநாட்டார் வழங்கும் விளையாட்டு இவ்வாறு பிறந்தது. பெட்டியிலிருந்து ஒன்றை எடுப்பவர் அதற்கு ஈடாக வேறொன்றை வைத்தல் வேண்டும். பெட்டியை மண்ணுள் புதைத்தல் கூடாது. நிலத்துக்கு உரியவரின் இசைவின்றி எங்கும் வைத்தலும் கூடாது.

சென்னைக் கல்லூரியொன்றில் பயிலும் என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். திண்டிவனத்தில் புகைவண்டியை விட்டிறங்கிப் பேருந்தேறி மயிலம் வந்து சேர்ந்தவன், "தாத்தா! நம் ஊர்ப் பக்கம் ஒரு பெட்டி வைக்கப் போகிறேன். நல்ல இடம் ஒன்று சொல்லுங்கள்" என்றான். அட்சரேகையின் ஒரு பாகையை 60 கலைகளாகவும், ஒரு கலையை 60 விகலைகளாகவும் பகுப்பர் என்று யான் இளமையில் படித்ததுண்டு. அதனாற் பயன் யாது என்பதை அறிந்ததில்லை. ஒரு கலை ஏறத்தாழ 1,850 மீட்டர், ஒரு விகலை ஏறத்தாழ 31 மீட்டர் என்று அவன் கணக்கிட்டுக் காட்டினான். வடக்கே 12 பாகையைச் சில கலைகளே கடந்து நிற்கும் நம் மயிலம் குன்றினைப் பத்தடிப் பிழையுமின்றிச் சுட்ட இயலும் எனக் கருதியபோது, முதுமையிலும் எனக்கு வியப்பு மேலிட்டது.

திருவக்கரைக்குப் போகலாம் என்றேன். "வாடகைக் கார் பேசட்டுமா?" என்றான். வேண்டா என்று மறுத்தேன். காசு மிச்சம் என்பது ஒரு காரணமே. மற்றொரு காரணமும் இருந்தது. அதனை அப்போது அவனிடம் கூறவில்லை. என் துணிப்பையின் அடியில், ஒரு பழைய துண்டிற் சுற்றி, கையளவுள்ள கல் ஒன்று கிடந்தது.

அவன் மிதிவண்டியிற் புறப்பட்டான். யான் புதுச்சேரி செல்லும் பேருந்தேறிப் பெரும்பாக்கத்தில் இறங்கி, என்னிடம் பயின்ற ஒருவர் நடத்தும் கடையில் மிதிவண்டி ஒன்றை இரவல் பெற்றுக் காத்திருந்தேன். பேரன் வந்து சேர நெடுநேரமாயிற்று. கருவி ஈண்டு இடர் விளைத்துவிட்டது. அது நேர்கோட்டுத் தொலைவையே காட்டும். இடையே ஏரி உண்டா, முள்வேலி உண்டா என்பதை அறியாது. அம்பு காட்டிய திசையிற் சென்றவன் ஓர் ஏரியின் கரையில் திகைத்து நின்றானாம். ஆடு மேய்த்துக் கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், "அந்தப் பனைமரத்தண்டை இறங்கிக் கரைமேலேயே போ, தம்பி" என்று வழி கூறி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினாராம். காரில் வந்திருப்பின் அவ்வேரியையும் கண்டிரான், அம்மூதாட்டியையும் கண்டிரான்.

"இவ்விளையாட்டு அமெரிக்காவில் தோன்றியது என்கிறாய். நம் திண்டிவனத்துக்கு இது புதிதன்று" என்று கூறிக்கொண்டே மிதித்தேன். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை நீங்கள் பெயரளவிலேனும் அறிவீர்கள். நல்லூர் நத்தத்தனார் இயற்றிய அந்நூல் 269 அடிகளை உடையது. ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொரு பாணனுக்கு வழி கூறுவதாக அமைந்தது. எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர்களை நிரல்படக் கூறி, எந்த ஊரில் எவர் விருந்து தருவர் என்பதையும் அவன் சொல்லுகின்றான். கடற்கரை ஊரில் சுட்ட மீன் கிடைக்கும். வயல் சூழ்ந்த ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும். நல்லியக்கோடனது கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. பெற்றவன் தான் பெற்றதை மறைக்கவில்லை; அடுத்து வருவோனுக்கு இடத்தைச் சுட்டி ஆற்றுப்படுத்தினான். அவன் நடந்து சென்றவன் ஆதலின் வழி முழுவதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்நூலும் ஏட்டுச் சுவடியிற் கிடந்த புதையலே. ஊரூராய் அலைந்து சுவடி தேடிய உ. வே. சாமிநாதையர் 1889-ஆம் ஆண்டு பத்துப்பாட்டை அச்சிட்டிராவிடில், யான் பேரனிடம் பெருமை பேச ஒன்றும் இருந்திராது.

திருவக்கரையை அடைந்தோம். சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள அவ்வூர் சம்பந்தரால் பாடப்பெற்ற தலம். முழுமதி நாளில் வக்கிரகாளியை வழிபடப் பெருங்கூட்டம் கூடும். கோயிலை வணங்கிவிட்டுக் கல்மரப் பூங்காவுக்குச் சென்றோம்.

அதனைக் காணாதவர்க்குச் சொல்லால் உணர்த்துதல் அரிது. செம்மண் மேட்டில் பெரும் மரங்கள் வெட்டுண்டு கிடப்பனபோலக் கிடக்கின்றன. பட்டையின் வரியும், அறுத்த முகத்தில் வளையமும், கணுவும் தெளிவாகத் தெரிகின்றன. கையால் தொட்டால் குளிர்ந்த கல்! ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்டவை என்பர் நிலநூலார். அம்மரங்களுக்குக் கிளையும் இல்லை, வேரும் இல்லை. ஆகவே, அவை ஈண்டு முளைத்தவை அல்ல; பழங்காலப் பேராறு எங்கிருந்தோ அடித்துக் கொணர்ந்து மணலுட் புதைத்தவை. மணலூடு கசிந்த நீரிற் கரைந்திருந்த சிலிகா என்னும் பொருள் மரத்தின் நுண்ணறைகளிற் சிறிது சிறிதாகப் படிய, மரம் தன் வடிவு மாறாமலே கல்லாயிற்று. புளியமரத்துக்கு இனமானவையும் அவற்றுள் உண்டு. சொன்னெரா என்னும் பிரெஞ்சு அறிஞர் 18-ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைக் கண்டு குறித்துள்ளார். இந்திய நிலப் பொதியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் போற்றுகின்றது.

பேரன் சுற்றுமுற்றும் நோக்கினான். "தாத்தா! அந்தப் பெரிய மரத்தின் அடியில் பெட்டியை வைத்தால் எவரும் எளிதிற் கண்டுபிடிக்க முடியாது" என்றான்.

அப்பொழுதுதான் பையைத் திறந்து துண்டை அவிழ்த்தேன். எனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் மிதிவண்டியொன்றில் நண்பன் ஒருவனோடு அங்கு வந்தேன். கைக்கடக்கமான கல்மரத் துண்டு ஒன்று காலடியிற் கிடந்தது. எவரும் பார்க்கவில்லை, எடுத்துக் காற்சட்டைப் பையில் இட்டுக்கொண்டேன். ஐம்பது ஆண்டுகள் அது என் நூலறையில் தொல்காப்பிய உரைகளின்மேல் தாள் பறவாமற் காத்துக் கிடந்தது. வகுப்பில் கள்ளாமை அதிகாரம் நடத்திவிட்டு வீடு திரும்பும் நாள்களில் அதனைப் பாராமலே விளக்கை அணைத்ததுண்டு.

"பெட்டி வைத்தால் தேடுவோர் வருவர். தேடுவோர் கல்லைப் புரட்டுவர். ஆயிரம் பேர் வந்தால் என்னைப் போல் ஒருவனேனும் வருவான்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கல்லை வாங்கி, வளையங்களை விரலால் தடவிப் பார்த்தான். பின்னர் இருவரும் காவலரிடம் சென்றோம். யான் நடந்ததைக் கூறினேன். அவர் என் நரைத்த தலையையும் கல்லையும் மாறி மாறி நோக்கி, "எந்த இடத்தில் எடுத்தீர்கள், ஐயா?" என்று வினவினார். நினைவில்லை. அஃது எனக்குப் பெரிதும் நாணம் தந்தது. எண்களால் இடம் குறிக்கும் கருவி கையில் இருந்தும், அக்கல் கிடந்த இடத்தைச் சொல்ல ஒருவராலும் இயலவில்லை. காவலர் அதனை வாங்கி வைத்துக்கொண்டார்.

மாலையில் பெரும்பாக்கத்தில் மிதிவண்டியை ஒப்படைத்துப் பேருந்தேறினேன். பேரன் எனக்கு முன்னரே வீடு சேர்ந்திருந்தான். ஏரிக்கரை வழியை இப்போது அவன் அறிவான் அல்லனோ?

பெட்டியை எங்கள் வீட்டுத் தோட்டத்து மாமரப் பொந்தில் வைத்தோம். இசைவு தர வேண்டியவன் யானே ஆதலின் அதில் இடர்ப்பாடு ஒன்றும் இல்லை. உள்ளே ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், சிறுபாணாற்றுப்படை மூலம் ஒரு படி. எண்களின் கீழே பேரன் வழிக் குறிப்பு எழுதினான்: திண்டிவனத்தில் எங்கு இறங்குவது, எந்தப் பக்கத்தில் பேருந்துக்கு நிற்பது, மிதிவண்டியில் வருவோர் எந்த ஏரிக்கரையில் திரும்புவது, யாரிடம் தண்ணீர் கேட்பது என்பதெல்லாம் அதில் இருந்தன.

"காரில் வருவோர்க்கு வழி எழுதவில்லையே?" என்றேன்.

"அவர்கள் இறங்கிக் கேட்டு வரட்டும், தாத்தா" என்றான்.