உயிருக்கு உயிர் செய்யும் உபகாரம்

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் பெரும்பாலும் உயிரல்லாத பொருள்களைப் பற்றியது. இயங்குவனவற்றுக்குத் துணையாவது தர்ம திரவியம், நிற்பனவற்றுக்குத் துணையாவது அதர்ம திரவியம், இடமளிப்பது ஆகாயம், உடல், சொல், மனம், மூச்சு ஆகியன புத்கலத்தின் உபகாரம். இவ்வாறு கூறிவரும் ஆசாரியர், 21-ஆம் சூத்திரத்தில் உயிரை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று துணையாதலே உயிர்களின் உபகாரம் என்கின்றார். பகவான் மகாவீரர் வீடுபேற்றின் 2500-ஆம் ஆண்டையொட்டி நால்வகைச் சங்கத்தாரும் ஏற்ற சமணச் சின்னத்தின் அடியில் பொறிக்கப்பட்டிருப்பது இச்சூத்திரமே.

இச்சூத்திரம் நின்ற இடத்தை அன்பர்கள் நோக்குதல் வேண்டும். விரதங்களைக் கூறும் ஏழாம் அத்தியாயத்தில் இது இல்லை; ஆகாயத்துக்கும் காலத்துக்கும் இடையே நிற்கின்றது. இடமளிப்பது ஆகாயத்தின் இயல்பாதல் போல, பிறிதோர் உயிரைச் சார்ந்தும் அதற்குச் சார்பாகியும் நிற்பது உயிரின் இயல்பு என்பது இதனால் விளங்கும்.

பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இதற்குக் காட்டும் சான்றுகள் மிக எளியவை. தலைவன் பொருள் கொடுத்து ஏவலனுக்கு உதவுகின்றான். ஏவலன் நன்மை செய்தும் தீமை தடுத்தும் தலைவனுக்கு உதவுகின்றான். ஆசிரியரும் மாணாக்கரும் அவ்வாறே. அரசரையோ வள்ளல்களையோ அவர் தேடிச் செல்லவில்லை. அவரே மற்றொன்றும் கூறுகின்றார்: இன்பம், துன்பம், வாழ்வு, சாவு ஆகிய நான்கிலும் உயிர்கள் ஒன்றுக்கொன்று காரணமாகின்றன. இது சற்று அச்சந்தரும் கருத்து. ஒருவரையும் தீண்டாமல் ஒதுங்கி வாழ்கிறேன் என்று இல்லறத்தான் சொல்லிக்கொள்ள இயலாது. அவன் வாளாவிருப்பதும் யாரோ ஒருவரைச் சென்று தாக்கும். உயிர்களிடத்து இரக்கமும் தானமும் சாதாவேதனீய வினைக்கு வாயில் என்றும், தனக்கோ பிறர்க்கோ விளைக்கும் துயரம் அசாதாவேதனீயத்துக்கு வாயில் என்றும் ஆறாம் அத்தியாயம் பிரித்துரைப்பதை இங்கே சேர்த்துப் படித்தல் நலம்.

"பொருளில்லாத நான் எதைக் கொடுப்பேன்?" என்பார்க்கு நம் முன்னோர் வகுத்த நால்வகைத் தானத்தில் விடையுண்டு. உணவு, மருந்து, சாத்திரம் ஆகிய மூன்றுக்கும் ஓரளவேனும் பொருள் வேண்டும். அபயதானத்துக்கு வேண்டுவது கவனம் ஒன்றே. தமிழ்நாட்டுச் சாசனங்களில் காணும் 'அஞ்சினான் புகலிடம்' என்னும் தொடரை அபயதானத்தோடு இணைத்து மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 'சமணமும் தமிழும்' நூலில் எழுதியிருப்பதை அன்பர்கள் அறிவர்.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் எனக்கு உறவினரான மூதாட்டியார் ஒருவர் உளர். கணவர் மறைந்து, மக்களும் நகரத்துக்குச் சென்றபின், "இனி நான் இருந்து யாருக்கு என்ன பயன், தம்பி?" என்று என்னிடம் கேட்டார். மேற்கண்ட சூத்திரத்தைச் சொன்னேன். அவர் மனம் ஆறியதாகத் தெரியவில்லை. ஓராண்டு கழித்துச் சென்றபோது அவருடைய திண்ணையில் மண்பானை ஒன்று இருந்தது. பள்ளி செல்லும் பிள்ளைகளுக்காகக் கிணற்று நீரை இருமடித் துணியில் வடிகட்டி நிரப்பியிருந்தார். பின்னர் அத்துணியை நல்ல நீரால் அலசி, அலசிய நீரைச் சிறு செம்பில் ஏந்திக் கிணற்றடிக்கு நடந்தார். மேலிருந்து ஊற்றினால் நுண்ணுயிர்கள் மடியும் என்பதால், செம்பைக் கயிற்றில் கட்டி நீர்மட்டம் வரை இறக்கி மெல்லச் சாய்த்தார். நான் பேச்சுக் கொடுத்தேன்.

"கொஞ்சம் பொறு தம்பி, பிள்ளைகள் வரும் நேரம்" என்றார்.