மூளை வன்பொருள், மனம் மென்பொருளா?

"ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறீர்கள், பிறகு ஏன் இவர் இப்படி இருக்கிறார்?" மனச்சோர்வால் வாடும் ஒருவரை அழைத்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை காணக் கணினி உவமை ஓரளவு கைகொடுக்கும். ஓரிடத்தில் நம்மை வழிதவறவும் வைக்கும். இரண்டையும் அறிந்துகொள்வது நலம்.

கணினியில் கையால் தொடக்கூடிய பகுதி வன்பொருள். அதனை இயக்கும் கட்டளைத் தொகுப்பு மென்பொருள். மென்பொருளில் நேர்ந்த பிழை, கணினியைப் பிரித்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தென்படாது. அதுபோலவே, வழக்கமாக எடுக்கப்படும் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் மூளையின் அமைப்பைப் படம்பிடிக்கின்றன. இரத்தக்கசிவு, கட்டி, அடைப்பு ஆகியவற்றை அவை காட்டும். கவலையும் நம்பிக்கையிழப்பும் அப்படங்களில் தெரிவதில்லை. ஆகவே, ஸ்கேன் இயல்பாக இருப்பதைக் கொண்டு நோயே இல்லை என்றோ, நோயாளி நடிக்கிறார் என்றோ முடிவு கட்டுதல் தவறு. இம்மட்டில் உவமை பொருந்துகிறது.

இனி, அது பொருந்தாத இடத்தைக் காண்போம். கணினியில் எத்தனை முறை மென்பொருளை மாற்றினாலும் வன்பொருளின் அமைப்பு மாறுவதில்லை. மூளையோ அவ்வாறன்று. ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ள மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நாம் ஒன்றைக் கற்கும்போதும், மீண்டும் மீண்டும் பழகும்போதும், அவற்றிடையே உள்ள இணைப்புகள் வலுப்பெறுகின்றன; பயன்படாதவை தளர்கின்றன. இலண்டன் மாநகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்யும் டாக்சி ஓட்டுநர்களின் மூளையில், இடநினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது.

சிகிச்சையிலும் இவ்வுண்மை வெளிப்பட்டுள்ளது. எண்ணச் சுழற்சி நோய் உடையவர்களுள் சிலருக்கு மருந்தும், வேறு சிலருக்கு நடத்தைப் பயிற்சியும் அளித்த ஆய்வொன்று 1992இல் வெளியானது. குணம் கண்டவர்களின் மூளையில், இருவகைச் சிகிச்சையிலும் ஒரே பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது. சொல்லாலும் பயிற்சியாலும் செய்யப்படும் சிகிச்சையும் மூளையைத் தொடுகிறது என்பதற்கு இது சான்று. 'மாத்திரைதான் உண்மையான மருத்துவம், ஆலோசனை வெறும் பேச்சு' என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

மறுபுறம், உடலின் குறை மனத்தின் குறையாகத் தோன்றுவதும் உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு சோர்வையும் மந்தத்தையும் தரும். வைட்டமின் பி12 குறைபாடு மறதியை உண்டாக்கலாம். முதியோருக்குச் சிறுநீர்த் தொற்றோ, இரத்தத்தில் சோடியக் குறைவோ ஏற்பட்டால் திடீரெனக் குழப்பம் தோன்றி, உறவினரையே அடையாளம் தெரியாமல் போகலாம். மனநல மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதித் தருவது இதனால்தான்.

இவற்றிலிருந்து உடனிருந்து கவனிப்போர் மூன்று செய்திகளை நினைவில் கொள்ளலாம்.

ஒன்று: பக்கவாதத்தில் இறந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை. ஆயினும், எஞ்சிய பகுதிகள் பயிற்சியினால் சில பணிகளை ஏற்கக் கற்கின்றன. எவ்வளவு மீளும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே, பிசியோதெரபியிலும் பேச்சுப் பயிற்சியிலும் ஒரே செயலைப் பலமுறை செய்யச் சொல்வதை வீண் என்று கைவிடாதீர்கள்.

இரண்டு: மனநோய்க்கான மருந்தும் ஆலோசனையும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. நலம் தெரிந்தவுடன் மருந்தைத் தாமாக நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது வேறு தொல்லைகளையும் தரும். மருத்துவரைக் கேட்டே குறைக்க வேண்டும்.

மூன்று: ஒருவரது பேச்சோ, நினைவோ, நடத்தையோ சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ திடீரென மாறினால், வயதென்றும் மனக்கவலையென்றும் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

கணினி பழுதுபட்டால் அணைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். மனிதருக்கு அவ்வழி இல்லை. உறக்கம், உணவு, மருந்து, பயிற்சி, உடனிருப்போரின் பொறுமை ஆகியவை நாள்தோறும் சிறிது சிறிதாகவே மூளையைச் சீர்படுத்துகின்றன. "மனத்தைத் தேற்றிக்கொள்" என்று மட்டும் சொல்லி ஒதுங்காமல், இவற்றுள் ஒன்றுக்கேனும் நாம் துணைநின்றால் அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.