மலைக்குப் போகும் இளம் மருத்துவருக்கு



ஜவ்வாது மலையில் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் பணியேற்க உத்தரவு வந்திருப்பதாகவும், ஜனங்களின் ஈடுபாட்டைப் பெறும்பொருட்டு ஊர்தோறும் ஒரு சுகாதாரக் குழு அமைத்து, மாதம் ஒரு கூட்டம் கூட்டி, வருகைப் பதிவேட்டைச் சீராக வைத்துவர உத்தேசித்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். உன் சிரத்தையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பதிவேட்டில்தான் சந்தேகம். கூட்டத்துக்கு வந்து, சமுக்காளத்தில் அமர்ந்து, தேநீர் அருந்தி, கைநாட்டு வைத்துச் சென்றவர்களையெல்லாம் ஈடுபட்டவர்கள் என்று கணக்கெழுதுவது நம் இலாகாவில் நெடுநாளைய வழக்கம். நீ வகுத்துக்கொண்டு போகும் திட்டத்தை மாற்றுகிற அதிகாரம் அவர்களுக்கு இல்லையென்றால், அவர்கள் உன் திட்டத்துக்கு வெறும் சாட்சிகளே.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி ஜில்லாவில் 1986 முதல் பணிசெய்துவரும் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். அவர்கள் அங்கே சென்ற புதிதில், அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை நோய் அங்குள்ள பழங்குடி மக்களிடையே பரவியிருப்பதை ஆராய்ந்து நிரூபித்தார்கள். விஞ்ஞான ரீதியில் அது நல்ல வேலைதான். ஆயினும் ஜனங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆராய்ச்சி தம்முடைய ஆவலிலிருந்து பிறந்ததே தவிர அவர்களுடைய தேவையிலிருந்து பிறந்ததல்ல என்பதைப் பின்னர் உணர்ந்ததாக டாக்டர் பங் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். அதன்பின் அவர்கள் ஜனங்களிடமே கேட்கத் தலைப்பட்டார்கள். பெண்கள் சொன்ன வியாதி எந்த வைத்திய நூலிலும் முதல் அத்தியாயத்தில் வருவதன்று: சாராயம். அதை வியாதியென்று ஒப்புக்கொண்டு கூடவே நின்றதன் பலனாக எழுந்த கிளர்ச்சி, 1993-இல் அந்த ஜில்லா முழுவதற்கும் மதுவிலக்கைக் கொண்டுவந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டபோதும் அந்த ஜனங்கள் தயங்காமல் காரணம் சொன்னார்கள். உள்ளே நுழைந்தால் வழி தெரியாத பெரிய கட்டடம். உறவினரை உடன் தங்கவிடாத கட்டுப்பாடு. போதாக்குறைக்கு, தங்கள் வழக்கப்படி பிணத்துக்குப் போர்த்துகிற வெள்ளைத் துணியையே உடுத்திக்கொண்டு வைத்தியம் பார்க்க வருகிற மனிதர்கள்! இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். பங் தம்பதியரோ, கிராமத்துக் குடிசைகளின் சாயலில், உறவினரும் உடன் தங்கும்படியான ஓர் ஆஸ்பத்திரியைக் கட்டி, அம்மக்களின் தெய்வமாகிய தந்தேஸ்வரியின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

இப்படிச் சம்பாதித்த நம்பிக்கை எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதைப் பச்சிளஞ் சிசுக்களின் விஷயத்தில் பார்க்கலாம். 39 கிராமங்களில், கொஞ்சம் பள்ளிப்படிப்பு மட்டுமே உள்ள உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்து, பிறந்த குழந்தையை நிறுக்கவும், கதகதப்பாக வைக்கவும், மூச்சுத் திணறலையும் கிருமித் தொற்றையும் அடையாளம் காணவும், அவசியம் நேர்ந்தால் ஜென்டாமைசின் ஊசி போடவும் பழக்கினார்கள். எட்டாம் வகுப்புப் படித்த ஒருத்தி வீட்டு மண்தரையில் உட்கார்ந்து குழந்தைக்கு ஊசி போடுவதா என்று நம்மவர் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். உனக்கும் அப்படித் தோன்றக்கூடும். 1999-இல் லான்செட் சஞ்சிகையில் வெளியான முடிவின்படி, மூன்றாம் ஆண்டில் ஒப்பீட்டுக் கிராமங்களைக் காட்டிலும் அங்கே பச்சிளஞ் சிசு மரணம் 62 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பெண் இரவில் கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடியவள். அவள் சொல்லைத் தாய் கேட்பாள். அவள் ஊரைவிட்டு மாற்றலாகிப் போவதில்லை. மருந்தும் தராசும் எங்கும் கிடைக்கும். ஆனால் அவளிடமுள்ள இந்த மூன்று சிறப்புகளையும் எந்த இலாகாவும் அனுப்பிவைக்க முடியாது.

ஆனால் ஊர் என்பது ஒரே மனம் உடையது என்று எண்ணிவிடாதே. பேசுகிறவர்களின் அபிப்பிராயமே ஊரின் அபிப்பிராயமாகப் பதிவாகும். வேலூரில் நம் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1970-இல் ஜாம்கேட் என்னும் வறட்சிப் பிரதேசத்தில் பணியைத் தொடங்கிய ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ஆழ்குழாய்க் கிணறு தோண்ட இடம் பார்க்கும்போது, தலித் மக்களின் குடியிருப்பிலேயே நீர் கண்டு தோண்டச் செய்தார்கள்; குடிநீர் வேண்டிய மற்றச் சாதியார் அங்கே வந்துதான் ஆகவேண்டியிருந்தது. கிராம சுகாதாரப் பணியாளராக அவர்கள் பழக்கிய பெண்களிலும் பலர் எழுத்தறியாதவர்கள், தாழ்த்தப்பட்டவர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கலந்துகொள்ளவேண்டியது மரியாதை. ஆனால் அத்துடன் நின்றுவிட்டாயானால், கடைசி வீட்டுக்காரியின் குழந்தை உன் கணக்கில் வராது.

இன்னொன்று சொல்லவேண்டும், இது கசப்பான விஷயம். மக்கள் பங்கேற்பு என்ற நல்ல பெயரைச் சொல்லிக்கொண்டு, தாம் செய்யவேண்டிய வேலையை ஏழைகளின் தலையில் ஏற்றுவது அரசாங்கங்களுக்கு எளிதாகிவிட்டது. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் நியமிக்கப்பட்ட ஆஷா என்னும் கிராம சுகாதாரப் பணிப் பெண்களைத் தொண்டர்கள் என்று அழைப்பதும், சம்பளத்துக்குப் பதில் வேலைக்கேற்ற ஊக்கத்தொகை கொடுப்பதும் அதே மனோபாவத்தில் விளைந்தவை. பாதையில்லாத மலையூரிலிருந்து பிரசவ வேதனையில் துடிக்கிறவளை டோலி கட்டி இறக்கிவரும் இளைஞர்களைப் புகழ்வது தவறல்ல; பாதை போடாதவர்களைக் கேள்வி கேட்காமல் அந்த இளைஞர்களை மட்டும் புகழ்வதுதான் தவறு. அந்த ஊரார் பாதைக்காக மனு எழுதினால், சுகாதாரம் வேறு, சாலை வேறு என்று சொல்லாமல், மருத்துவ அதிகாரி என்ற முறையில் நீயும் காரணங்காட்டி ஒரு கடிதம் இணைத்து அனுப்பு.

ஆகையால், குழு அமைக்கும் வேலையைச் சற்றே ஒத்திவை. முதலில் ஊர் ஊராய் நடந்து, பிரசவ வலி கண்டவுடன் யாரை அழைக்கிறார்கள், காய்ச்சலுக்கு முதலில் யாரிடம் போகிறார்கள், உன் நிலையத்துக்கு வந்து திரும்பியவர்கள் எதனால் மறுபடி வரவில்லை என்று விசாரி. மருத்துவச்சிகளைக் குற்றவாளிகளாகப் பார்க்காதே. அவர்களே உனக்கு வழிகாட்டக்கூடும். அடுத்த கடிதத்தில், ஊரார் சொல்லி நீ மாற்றிக்கொண்ட காரியம் ஒன்றையாவது மறவாமல் எழுது.