பேனல் வெயிலில், வண்டி நிழலில்

ஸ்ரீரங்கம்

அன்புள்ள நிலா,

பயணத்துக்கு நீ போட்ட பட்டியல் கிடைத்தது. கூடாரம், இரண்டு மவுண்டன் சைக்கிள், கார் ஃபிரிட்ஜ், சோலார் பேனல் எல்லாம் இருக்கிறது. துறையூர் வழியாகப் பச்சைமலைக்குப் போகிறாய் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நம் மாவட்டத்து மலையைப் பார்க்காமலே கொடைக்கானலுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் உன் கணக்கில் வெயில் வரவில்லை. ஏப்ரலில் கிளம்புகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பெல்டியர் வகை ஃபிரிட்ஜை வாங்கிவிடாதே. வெளிச்சூட்டிலிருந்து சுமார் 20 டிகிரிதான் அது குறைக்கும். திருச்சியில் வெளியே 40 என்றால் உள்ளே 20, பால் தாங்காது. தாத்தாவும் வருகிறார். அவருடைய பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஆகவே கம்ப்ரஸர் வகைதான். மருந்தைச் சின்ன டப்பாவில் போட்டு, உட்சுவரில் ஒட்டாமல் நடுவில் வை.

ஓடும்போது 45 வாட் இழுக்கும் ஃபிரிட்ஜ் என்று வைத்துக்கொள். நாளில் பாதி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகத் தின்னும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிற்கும் காருக்குள் அதே ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடும். தேவை ஒரு யூனிட்டை எட்டிவிடும். 200 வாட் பேனலிலிருந்து நல்ல வெயில் நாளில் 0.7 யூனிட் எதிர்பார்க்கலாம், அதற்குமேல் நம்பாதே. பேனலில் எழுதியிருக்கும் 200 வாட், அதன் செல்கள் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் மதிய வெயிலில் அவை 65 டிகிரி வரை சுடும். ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் மின்சாரம் போய்விடும்.

இப்போது கூட்டிப் பார். வண்டி நிழலில் நின்றால் மின்சாரம் மிஞ்சும், வெயிலில் நின்றால் பற்றாது. அதனால் பேனலை வண்டிக் கூரையில் பொருத்தவே வேண்டாம். மடக்குப் பேனலாக வாங்கி, நீளமான வயரில் வெயிலில் போடு. வண்டி மரத்தடியில் நிற்கட்டும். ஆஸ்திரேலிய வீடியோக்களில் காட்டுகிற சாய்வு ஸ்டாண்டும் தேவையில்லை. ஏப்ரல் மூன்றாம் வாரம் நண்பகலில் சூரியன் திருச்சிக்கு நேர் உச்சியில் இருக்கும். தரையில் மட்டமாகப் போட்டாலே போதும். கிளை நிழல் மட்டும் விழக்கூடாது. செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒரு மூலையில் விழுந்த நிழல்கூட உற்பத்தியைப் பெருமளவு குறைத்துவிடும்.

காரின் சொந்த பேட்டரியில் ஃபிரிட்ஜை ஓட்டினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். தனியாக 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்துக்கொள். அதில் 1.28 யூனிட் நிற்கும். வண்டி நிழலில் இருந்தால் மேகம் மூடிய இரண்டு நாளைச் சமாளிக்கலாம். ஃபிரிட்ஜுக்குப் போகும் வயர் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி, பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் தானாக நின்றுவிடும்.

முதல் இரவு கொள்ளிடம் மணலில் தங்குவதாக எழுதியிருக்கிறாய். அது மட்டும் வேண்டவே வேண்டாம். இங்கே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் மேலே திறந்துவிட்ட தண்ணீர் வந்து சேரும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் 9 மதகுகள் ஒரே இரவில் அடித்துச் செல்லப்பட்டன. ஆர்தர் காட்டன் 1830களில் கட்டிய அணை அது. உன் கூடாரம் எம்மாத்திரம்?

மலையிலும் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்காதே, அடுப்பு மூட்டாதே. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் எத்தனை இளைஞர்கள் போனார்கள்! ஊருக்குள் ஒருவரைக் கேட்டு, அவர் களத்திலோ தோப்பிலோ இடம் வாங்கிக்கொள், வாடகை கொடு. புளியோ மாவோ இருந்தால் நல்ல நிழல். தென்னைக்கடியில் வண்டியையும் நிறுத்தாதே, தாத்தாவையும் உட்கார வைக்காதே.

சைக்கிள்களைக் காரின் பின்னால் மாட்டு; நம்பர் பிளேட்டும் விளக்குகளும் மறையக்கூடாது. மலையடிவாரத்தில் சீமைக்கருவேல முள் உன்னைச் சும்மா விடாது. பஞ்சரானதும் அவசரமாகப் புது டியூப் போடாதே. துணித்துண்டை டயரின் உள்பக்கம் சுற்றிலும் மெல்ல இழுத்துப் பார். துணி மாட்டும் இடத்தில் முள்முனை இருக்கும். வெளியே ஒடிந்து, உள்ளே அரிசி முனையளவு நீட்டிக்கொண்டிருக்கும். இடுக்கியால் பிடுங்கிவிட்டுத்தான் டியூப். இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்திக்கொண்டே வராதே, சூடேறிப் பிடிமானம் போய்விடும். விட்டு விட்டுப் பிடி, முன்னும் பின்னும் சேர்த்து.

தடிமன் வயர் 6 மீட்டரும் இடுக்கியும் என்னிடம் இருக்கின்றன. கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பியை அனுப்பு. பேட்டரியையும் கொண்டுவரச் சொல். ஃபிரிட்ஜை ஒரு ராத்திரி இங்கேயே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மாமா