கிட்டங்கிக்கு நீள அகலம் காண்பது எப்படி?

இடத்தின் பரப்பளவு தெரிந்தால் போதும் என்று நினைப்பவர் நம்மில் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிட்டங்கியை வாடகைக்குப் பேசி முடித்தேன். பரப்பளவு 600 சதுர அடி. நீளம் அகலத்தைவிட 10 அடி அதிகம் என்றார்கள். சாவி கைக்கு வருமுன்பே, அகலம் 24 அடி இருக்குமென்று குத்துமதிப்பாக எண்ணி, பின்சுவருக்கு அந்த அளவில் மர அலமாரி செய்யச் சொல்லிவிட்டேன். போய் அளந்தால் 20 அடிதான்! நாலடி பலகையும் ஆசாரியின் கூலியும் வீண். அவர்கள் சொன்ன இரண்டு செய்திகளிலேயே விடை இருந்தது. கணக்குப் பார்க்காதது என் குற்றம்.

அகலத்தை ‘அ’ என்று வைத்துக்கொள்வோம். நீளம் அ + 10. இரண்டையும் பெருக்கினால் 600:

அ² + 10அ − 600 = 0

இனி, பெருக்கினால் 600, கழித்தால் 10 வரும் இரண்டு எண்களைத் தேட வேண்டும். 15, 40 என்றால் வித்தியாசம் 25. 24, 25 என்றால் 1. 20, 30 என்றால் சரியாக 10. ஆகவே நடு உறுப்பைப் பிரிக்கலாம்:

அ² + 30அ − 20அ − 600 = 0
அ(அ + 30) − 20(அ + 30) = 0
(அ + 30)(அ − 20) = 0

பெருக்கி வருவது பூஜ்யமானால், இரண்டில் ஒன்று பூஜ்யமாக வேண்டும். எனவே அ = 20, அல்லது அ = −30. பூஜ்யத்துக்குக் கீழே அகலம் ஏது? அதைத் தள்ளுக. அகலம் 20 அடி, நீளம் 30 அடி. சரிபார்க்க: 20 × 30 = 600.

முழு எண்கள் அகப்படாவிட்டால் வேறு வழி உண்டு. வித்தியாசத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. 600உடன் கூட்டினால் 625. அதன் வர்க்கமூலம் 25. அதில் 5 கழிக்க, அகலம் 20. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி சொல்லித்தந்த முறை இது. அல்ஜீப்ரா என்ற பெயரே அவருடைய நூலின் தலைப்பிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. வாரிசுப் பங்கீடு, வியாபாரம், நில அளவை ஆகியவற்றுக்கு உதவவே அவர் அந்நூலை எழுதினார்.

பயிற்சி: ஒரு கடைவீட்டின் பரப்பளவு 1,500 சதுர அடி. நீளம் அகலத்தைவிட 55 அடி அதிகம். பெயர்ப்பலகை மாட்டும் முகப்பு எத்தனை அடி?

(விடை: 20 அடி, நீளம் 75 அடி.)