எரிமலை ஏறப் போகும் இளையவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

பினாங்கில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இந்தோனேசியாவின் மேடான் வந்துவிடும். அங்கிருந்து மலைச்சாலையில் இரண்டு, மூன்று மணி நேரம் போனால் பெராஸ்தாகி. ஊருக்கு மேலே நிற்பது சிபாயாக், உயரம் 2,212 மீட்டர். கடைசியாக வெடித்தது 1881இல். இன்றும் அதன் வாயைச் சுற்றிலும் மஞ்சள் படிந்த துளைகளிலிருந்து கந்தக ஆவி இரைச்சலோடு பீறிடுகிறது. இளையவர்களை நான் முதலில் கூட்டிப்போவது இந்த மலைக்குத்தான். ஒரே பகலில் ஏறி இறங்கிவிடலாம். எரிமலை என்றால் என்ன என்பதையும் பார்த்துவிடலாம்.

எரிமலையில் ஆபத்து இரண்டு வகை. கால் சறுக்குவது, கல் உருள்வது, வழி தவறுவது ஆகியவை ஒரு வகை. இவை பெரும்பாலும் நம் கையில் இருக்கின்றன. மலை வெடிப்பது இன்னொரு வகை. அது எவர் கையிலும் இல்லை. முதலாவதைப் பழக்கத்தால் சமாளிக்கலாம். இரண்டாவதற்கு, வாய்க்கு அருகில் கழிக்கும் நேரத்தைக் குறைப்பது ஒன்றே மருந்து. கீழே சொல்லியிருப்பது எல்லாம் இந்த இரண்டில் அடங்கும்.

1. மலையின் நிலையை விசாரிக்காமல் புறப்படாதீர்கள்.

இந்தோனேசிய அரசின் எரிமலைக் கண்காணிப்பு மையம் ஒவ்வொரு மலைக்கும் ஒன்று முதல் நான்கு வரை நிலை அறிவிக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். மேற்குச் சுமத்ராவின் மாராப்பி மலை இரண்டாம் நிலையில் இருந்தது. வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்ற அறிவுரையும் இருந்தது. ஆனாலும் ஏற்றம் நடந்துகொண்டிருந்தது. 2023 டிசம்பர் 3 அன்று அது வெடித்தபோது மலையில் 75 பேர் இருந்தார்கள். 24 பேர் இறந்தார்கள். நுழைவுச்சீட்டு கொடுத்துவிட்டார்கள் என்பதாலேயே மலை பத்திரமானது என்று ஆகிவிடாது. முதல் நாள் இரவு ஒருமுறை பாருங்கள், கிளம்பும் காலையில் இன்னொரு முறை பாருங்கள்.

2. முதல் நிலை என்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜப்பானின் ஒண்டாக்கே மலை 2014 செப்டம்பர் 27 அன்று மிகத் தாழ்ந்த எச்சரிக்கை நிலையில்தான் இருந்தது. சனிக்கிழமை, நல்ல வெயில். உச்சியில் பலரும் மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்த நேரம். 12 மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு மலை வெடித்தது. 58 பேர் இறந்தார்கள், ஐந்து பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பாறைக்குழம்பு மேலேறி வந்தால் சிறு நடுக்கங்கள், மலை உப்புதல் என்று முன்கூட்டியே பல அறிகுறிகள் தெரியும். ஒண்டாக்கேயில் நடந்தது நீராவி வெடிப்பு. மலைக்குள் ஊறிய தண்ணீர் சூடேறி, போக வழியில்லாமல், மூடி பிய்த்துக்கொண்டு போகும் குக்கர்போல வெடித்தது. அதற்குப் பல நேரம் முன்னறிவிப்பே இருப்பதில்லை.

சிபாயாக் உச்சியில் நின்று எதிரே பாருங்கள், சினாபுங் தெரியும். சுமார் 400 ஆண்டு சும்மா இருந்த மலை அது. 2010இல் விழித்தது. 2014 பிப்ரவரி 1 அன்று அதன் சரிவில் இறங்கிய நெருப்புச் சாம்பல் ஓட்டத்தில் பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். பார்க்கப் போனவர்களும் மாணவர்களும் அவர்களில் உண்டு.

3. கூட வருபவர்களை மலையைவிடக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்.

நான்கு முதல் ஆறு பேர் போதும். ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் துணைக்கு இருக்கலாம், இருவர் உதவி கேட்கக் கீழே போகலாம். எல்லோரிலும் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள்; அவர் வேகம்தான் கூட்டத்தின் வேகம். அனுபவசாலி கடைசியில் வரட்டும். புறப்படும் முன்பே ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: யார் "இறங்கலாம்" என்று சொன்னாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் எல்லோரும் இறங்க வேண்டும். கேலி செய்யக் கூடாது. வெட்கத்தால் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆளால் கூட்டத்துக்கே கேடு.

உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்த ஓடையில் மழைத்தண்ணீர் பாயும் என்பது அவருக்குத் தெரியும். அது எந்த வரைபடத்திலும் இல்லை.

4. மூட்டை சிறிதாக இருக்கட்டும், ஆனால் சரியாக இருக்கட்டும்.

மலையேற்ற ஹெல்மெட், தடித்த கையுறை, தலையில் மாட்டும் டார்ச், மழைச்சட்டை, கம்பளிச்சட்டை, ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வீதம் குளிர் கூடும். மேடான் புழுக்கத்தை நம்பி அரைக்கைச் சட்டையோடு வராதீர்கள். கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம். சாம்பல் துகள் கண்ணாடித்தூளைப் போன்றது. லென்ஸுக்கு அடியில் புகுந்தால் விழியைக் கீறிவிடும். மூக்குக்கண்ணாடி போட்டு வாருங்கள். என்95 முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள்.

5. சூரிய உதயத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் வாடும். உதயம் பார்க்க மூன்று, நான்கு மணிக்கு ஏறத் தொடங்குவது வழக்கம். இருட்டில் புதியவருக்குப் பாறையின் தரம் தெரியாது. சீக்கிரம் மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் விடியும்வரை வாயருகே குளிரில் காத்திருக்க வேண்டும். எங்கே குறைவாக இருக்க வேண்டுமோ அங்கேதான் அதிக நேரம் போகும். முதல் மலைக்கு, கை கால் தெரியும் வெளிச்சத்தில் கிளம்புங்கள். மதியத்துக்கு முன் இறங்கத் தொடங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து மலைகளில் மேகமும் மழையும் சேர்ந்து வரும்.

6. கையும் காலுமாக ஏறும் இடத்தில் அவசரம் ஆகாது.

இரு கை, இரு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் பாறையில் ஊன்றியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் நகரலாம். எரிமலைப் பாறை பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் ஆவியிலும் அமிலத்திலும் ஊறி உள்ளே உளுத்திருக்கும். பிடிக்கும் முன் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஓசை வந்தால் விட்டுவிடுங்கள். நல்ல பிடியானாலும் வெளிப்பக்கம் இழுக்காமல் கீழ்ப்பக்கம் அழுத்துங்கள். உடம்பைத் தூக்கக் காலை நம்புங்கள். கை சமநிலைக்கு மட்டும்.

முன்னால் போகிறவருக்கு நேர் கீழே நிற்காதீர்கள். கல் உருண்டால் யார் தவறு என்று யோசிக்காமல் "கல்!" என்று கத்துங்கள். அதைக் கேட்டதும் அண்ணாந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்ளுங்கள். சாம்பலும் சரளையுமான சரிவில் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும், அது இயல்பு. முன்னவர் வைத்த குழியிலேயே காலை வைத்துச் சிறு எட்டாக ஏறுங்கள். பதறாத காரியம் சிதறாது.

7. மூக்கை நம்புங்கள், ஆனால் முழுதும் நம்பாதீர்கள்.

அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது கூடினால் விலகுங்கள். கூடிக்கொண்டே வந்த நாற்றம் சட்டென்று நின்றால் உடனே ஓடுங்கள். காற்று சுத்தமாகவில்லை, மோப்பம் மரத்துப்போயிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு வாசனையே கிடையாது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் பள்ளங்களில் தேங்கும். மத்திய ஜாவாவின் டியேங் மேட்டுநிலத்தில் 1979 பிப்ரவரியில் அப்படித் தேங்கிய வாயு 140க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஈரத்துணியால் அதைத் தடுக்க முடியாது. ஆகவே குளிருக்கு இதமாக இருக்கிறதென்று குழிக்குள் உட்கார்ந்து இளைப்பாறாதீர்கள். காற்று வீசும் மேட்டில் நில்லுங்கள், காற்று உங்கள் முதுகில் படட்டும்.

ஜாவாவின் மிக உயர்ந்த மலை செமேரு. 1969 டிசம்பர் 16 அன்று அதன் உச்சியில் இந்தோனேசிய மாணவர் இயக்கத்தின் புகழ்பெற்ற எழுத்தாளர் சோ ஹோக் கீ, நச்சுவாயுவால் இறந்தார். மறுநாள் அவருக்கு 27ஆவது பிறந்தநாள். கூட இருந்த நண்பர் இதான் லூபிஸும் இறந்தார். அந்த மலையில் வெயில் ஏறும் முன் உச்சியைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்பது வழக்கமானதற்குக் காரணம், பகலில் காற்று வாயுவை ஏறுவோர் பக்கம் தள்ளுவதுதான்.

8. வாயின் விளிம்பில் கால்மணி நேரம் போதும்.

பாருங்கள், படம் எடுங்கள், கிளம்புங்கள். சோறு, தூக்கம், பிறந்தநாள் கேக் எல்லாம் தள்ளி வந்த பிறகு. விளிம்பின் நுனியில் நிற்காதீர்கள். உள்பக்கம் குடைந்து அந்தரத்தில் தொங்கும் மண்ணாக இருக்கலாம். ஆவித்துளையைச் சுற்றியுள்ள வெளிறிய மண் மேலே காய்ந்து உள்ளே கொதிக்கும். அங்கே கால் வைக்கக் கூடாது.

9. வெடித்துவிட்டால் கேமராவைத் தொடாதீர்கள்.

ஒண்டாக்கேயில் உயிர் பிழைத்தவர்களில் பலர், பாறை மறைவிலும் மலைக்குடில்களிலும் ஒதுங்கியவர்கள். முதலில் கல்மழை வரும். பெரிய பாறைக்குப் பின்னால் ஒடுங்கி, பையால் தலையையும் பிடரியையும் மூடிக்கொள்ளுங்கள். அது தணிந்ததும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, மேட்டு வழியாகவே இறங்குங்கள். ஓடையிலும் பள்ளத்தாக்கிலும் இறங்காதீர்கள். சூடான சாம்பலும் சேறும் தேடி வரும் பாதை அதுதான்.

10. இறக்கம்தான் பாதி மலை.

விபத்துகளுக்கு இறக்கத்தில் வாய்ப்பு அதிகம். கால் சோர்ந்திருக்கும், மனம் ஊருக்குப் போய்விட்டிருக்கும். சாம்பல் சரிவில் குதிகாலை ஊன்றி இறங்குங்கள், ஓடாதீர்கள். வந்த வழியே திரும்புங்கள். சிபாயாக்கின் காட்டுவழியில் குறுக்குப்பாதை தேடி, வழி தவறித் திண்டாடியவர்கள் உண்டு. வழி தவறினால் மேலும் இறங்காமல், கடைசியாகத் தெரிந்த இடத்துக்கு ஏறிப் போங்கள். அடிவாரத்தில் வெந்நீர்க் குளங்கள் இருக்கின்றன. எல்லோரும் வந்து சேர்ந்ததை எண்ணிப் பார்த்துவிட்டுக் குளத்தில் இறங்குங்கள். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அது அங்கே வாழும் காரோ மக்களின் மலை.

மலை அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். பாதி வழியில் திரும்பியவர் அதை மறுபடி ஏறலாம். உச்சியைத் தொட்டவரைவிட, கூட்டிப்போன அத்தனை பேரையும் கீழே கொண்டுவந்து சேர்த்தவரையே நான் நல்ல மலையேறி என்பேன். நீங்களும் உங்களை அந்தக் கணக்கில் அளந்துகொள்ளுங்கள்.